மூன்று முறை போட்ட தரை

கார் வாங்கும் வரை என் வீட்டுக்காரருக்குத் தரையைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை. வீடு கட்டும்போது டைல்ஸா கிரானைட்டா என்று கேட்டேன். "நடக்கறதுக்குத்தான அம்மிணி, எதையோ ஒண்ணப் போடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவர் அவர். அதே மனிதர், காரை முதல் சர்வீஸுக்கு சேலத்தில் விட்டுவிட்டு வந்த அன்று, சோற்றைப் பிசைந்தபடியே கனவில் பேசுவது போலப் பேசினார்.

"அந்த சர்வீஸ் ஸ்டேசன் தரையில மொகம் தெரியுது அம்மிணி. ஆயில் கொட்டுனா ஒரு துணி. தொடச்சா போயிருது. எபாக்சின்னு பேராம்."

எங்கள் கார் ஷெட்டின் சிமெண்ட் தரையில் முகம் தெரியாது. நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற ரோட்டில், ஊர் முடிந்து கோழிப்பண்ணை தொடங்குகிற இடத்தில் வீடு. வெயில் அடித்து அடித்து மேல்பூச்சு மாவாக உதிரும். கூட்டினால் தூசி, கூட்டாவிட்டால் அதைவிடத் தூசி. அதனால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஆள் வைத்துச் செய்யலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவருடைய அக்கா வீட்டுக்காரர், சேந்தமங்கலத்து மச்சான், போனிலேயே அதைத் தடுத்துவிட்டார்.

"பெயிண்டு அடிக்கறதுக்கு ஆளா? நானு லாரி பட்டறையில பாக்காத பெயிண்டா மாப்ள? நான் வாரேன்."

சேலத்துக் கடையிலிருந்து இரண்டு டின்கள் வந்தன. பெரிய டின்னில் பிசின், சின்ன டின்னில் அதை இறுக வைக்கிற மருந்து. கூடவே மடித்த ஒரு தாள். அந்தத் தாளை மச்சான் வாங்கி, டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கலக்குவதற்கு என்னுடைய கேக் பீட்டரைக் கேட்டார்கள். நான் வீட்டிலிருந்தே ஆர்டருக்குக் கேக் செய்து கொடுக்கிறவள். அந்த மெஷினைக் கேட்பதும் என் கையைக் கேட்பதும் ஒன்று. முடியாது என்றேன். சரி என்று போனவர்கள், மோர் கடைகிற எவர்சில்வர் மத்தை எடுத்து டிரில் மெஷினில் மாட்டிவிட்டார்கள். நான் பார்க்கும்போது மத்து பக்கெட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு டின்னையும் முழுசாக ஒரே பக்கெட்டில் கவிழ்த்திருந்தார்கள். சித்திரை மாசத்து நண்பகல். சாம்பல் நிறக் குழம்பு பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் பக்கத்தில் யார் செய்யாமல் இருப்பார்கள்? வீட்டு மாப்பிள்ளை வந்திருக்கிறார், மணி ஒன்றாகிவிட்டது. "அண்ணா, இலை போட்டாச்சு, சாப்புட்டுட்டு அடிங்க" என்று கூப்பிட்டேன்.

ரசத்துக்கு வரும்போது வாசலிலிருந்து ஒரு காரமான நெடி வந்தது. மச்சான் மூக்கை உறிஞ்சி, "அம்மிணி, அடுப்புல என்னமோ தீயுதுங்" என்றார். அடுப்பை அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. மூன்று பேரும் எச்சில் கையோடு ஓடினோம். பக்கெட்டிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் ஒரு பக்கம் இளகி, வயிறு தள்ளி நின்றது. வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவர ஓட, மச்சான் பின்வாங்கி மதில்மேல் ஏறியே விட்டார்.

"அடுப்பே இல்லாம எப்புடிறா மாப்ள கொதிக்குது?" என்றார் மதில்மேலிருந்து.

புகை அடங்கிப் பார்த்தால் உள்ளே ஒரு பாறை. அதன் நடுவில் என் மத்து செங்குத்தாக நின்றது. சுத்தியலுக்கு மசியவில்லை, கடப்பாரைக்கு ஒரு சில்லு தெறித்தது. இத்தனை உறுதியான பொருள் தரைக்குப் போகாமல் பக்கெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

மச்சான் காரணம் கண்டுபிடித்தார். "மருந்து வீரியம் ஜாஸ்தி. அடுத்த வாட்டி கம்மி பண்ணிப்போடலாம்."

சேலத்திலிருந்து மறுபடியும் இரண்டு டின்கள். இம்முறை சின்ன டின்னில் பாதியைக் கலக்காமல் அப்படியே விட்டுவைத்தார்கள். கொதிக்கவில்லை, புகையவில்லை. சாயங்காலத்துக்குள் அடித்து முடித்தாயிற்று. உண்மையாகவே முகம் தெரிந்தது. வீட்டுக்காரர் குனிந்து தலைசீவிக்கொண்டார்.

மறுநாள் தொட்டால் பிசுபிசுத்தது. அதற்கு மறுநாளும் பிசுபிசுத்தது. மூன்றாம் நாள் பார்க்க வந்த நாத்தனார், சொல்வதற்குள் கால் வைத்துவிட்டார். செருப்பு அங்கேயே நின்றது, அவர் மட்டும் அடுத்த அடிக்குப் போனார். வெறுங்கால் ஒட்டிக்கொண்டதும் கொக்கு மாதிரி நின்று, "எந்தம்பி ஊட்டுல என்னய எலியப் பசையில புடிக்கற மாதிரி புடிச்சுட்டீங்களே!" என்று சத்தம் போட்டார். பலகை போட்டுக் கூட்டிவந்தோம்.

அன்று மதியம் காற்று திரும்பியது. பக்கத்துக் கோழிப்பண்ணையில் ஒரு தொகுதி கோழியை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பறந்த இறகெல்லாம் எங்கள் கேட்டுக்குள் நுழைந்து, ஷெட்டில் இறங்கியது. இறங்கியது எதுவும் திரும்பவில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துவிட்டு அசையாமல் நின்றார். தரை முழுக்க வெள்ளையாக இறகு முளைத்திருந்தது. காற்றடித்தால் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

"பறந்துருமாட்ட இருக்குது அம்மிணி" என்றார் மெதுவாக. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது. பாவமாக இருந்தது.

அதைச் சுரண்டி எடுத்த கஷ்டத்தை எழுதினால் படிக்கிறவர்களுக்கும் முதுகு வலிக்கும். விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது முறை டின் வாங்க நானும் சேலம் போனேன். கடைக்காரர் மரியாதையாகக் கேட்டார்: "உங்களுக்கு மொத்தம் எத்தன ஷெட்டுங்க?"

டம்ளர் வட்டம் விழுந்த அந்தத் தாளைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன்; வரும் வழியில் காரிலேயே படித்து முடித்தேன். அதில் இருந்தது புதிதாக எதுவுமில்லை. கேக் மாவுக்கு நான் தினமும் பார்க்கிற ஒழுங்குதான். இரண்டையும் எடை போட்டு, சொன்ன விகிதத்தில் சேர்க்க வேண்டும். மருந்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் சரியாக இறுகாது. மொத்தமாகக் கலந்து வைத்தால் தன் சூட்டிலேயே வெந்துவிடும். வெயில் காலத்தில் அது இன்னும் சீக்கிரம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, உடனே தரையில் கொட்டிப் பரப்பிவிட வேண்டும். பக்கெட் ஓரத்திலும் அடியிலும் கலவாமல் ஒட்டியிருப்பதை வழித்து, வேறு பக்கெட்டுக்கு மாற்றி மறுபடி கலக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து தராசை நானே வெளியே கொண்டுபோனேன். பழைய தராசுதான்; புதியதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். தரையை மெஷின் வைத்துத் தேய்த்து, தூசி போகக் கூட்டி, ஈரம் கசிகிறதா என்று முந்தின நாளே பாலிதீன் ஒட்டிப் பார்த்தாயிற்று. விடிந்ததும், வெயில் ஏறுவதற்கு முன் ஆரம்பித்தோம். நான் எடை போட்டேன், வீட்டுக்காரர் கலக்கினார், மச்சான் ரோலரோடு காத்திருந்தார்.

"ஓரத்த வழிங்க."

"வழிச்சாச்சு அம்மிணி."

"அடியில?"

மச்சான் ரோலரை ஊன்றிக்கொண்டு, "மாப்ள, உனக்குத் தெனமும் இப்படித்தானா?" என்றார். சிரித்ததில் ஒரு சொட்டு அவர் வேட்டியில் விழுந்தது. அது இன்னும் அவர் வேட்டியில் இருக்கிறது. அன்று யாருக்கும் இலை போடவில்லை. முடிகிற வரைக்கும் ஒரு வாய் மோர் மட்டும்.

தரை இறுகியது. நகத்தால் கீறினேன், சாவியால் கீறினேன், ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் கார் ஏற்றக்கூடாது என்று தாள் சொன்னது. வீட்டுக்காரர் இரண்டு வாரம் விட்டார். சுடுகிற டயர் பெயிண்ட்டைப் பிடித்து உரித்துவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லிவைத்திருந்தார்கள். கடைசியில் கார் உள்ளே ஏற வேண்டிய நாள் வந்தது. சேலத்திலிருந்து மத்தியான வெயிலில் ஓட்டிவந்தவர், கேட்டுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டார்.

"டயரு ஆறட்டும்" என்று கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டு ஏசியில் உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது இறங்கி டயரில் புறங்கையை வைத்துப் பார்த்தார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. குழம்பு இருமுறை சூடாகி ஆறியது.

எதிர்வீட்டு அக்கா தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, அவரு ஊட்டுக்குள்ளயே வரமாட்டீங்கறாரே. ஏதாச்சும் மனஸ்தாபமுங்களா? நாஞ் சொன்னா கேப்பாருங்க" என்றார்.

"மனஸ்தாபம் ஒண்ணுமில்லீங்க்கா. டயரு ஆறணுமாம்."

அவர் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவருக்குத் தோன்றிவிட்டது போல. என் கையைப் பிடித்து, "எல்லா ஊட்டுலயும் இருக்கறதுதானுங்க" என்று சொல்லிவிட்டு, நேராகப் போய்க் கார் கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தார்.