கைக்கெட்டிய இறாக்கை

ஆரணனுக்கு இருபத்துநான்கு வயது. கட்டடங்களுக்குச் சூடேற்றும் குழாய்கள் பொருத்திப் பூட்டும் தொழில் படித்தவன். அம்மா கஜலக்சுமி படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டான். புலம்பெயர்ந்து வந்த ஓர்லிகோன் நகரின் வாடகை வீட்டில் கூடவே இருந்து அவரைப் பார்த்துக்கொண்டான். பங்குனியில் அம்மா போய்விட்டார். வேறு வேலை கிடைக்கும்வரை சமூக உதவிப் பணம்தான்.

உதவி அலுவலகத்துப் பெண் மரியாதையாகத்தான் சொன்னார். இருபத்தைந்துக்குக் கீழ்ப்பட்ட தனியாளுக்கு, பலர் சேர்ந்திருக்கும் வீட்டில் ஓர் அறைக்கு மட்டுமே வாடகை தருவார்கள். அம்மாவின் வீட்டை விடவேண்டும். தனக்குப் பதிலாக ஆள் பிடித்துக் கொடுத்தால் உடனே விடலாம். இல்லாவிட்டால் ஒப்பந்தப்படி மீதி மாதங்களின் வாடகை அவன் தலையில்.

வீடு பார்க்க வந்தவர்களுக்கு அவன் குறைகளை மட்டும் காட்டினான். ஹீற்றர் இரவில் தட்டும். குளியலறையில் காற்றுப் போகாது. எல்லாம் உண்மை. வந்தவர்கள் திரும்பி வரவில்லை.

பிறகு யசோதரா வந்தாள். பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே வாங்கில் இருந்தவள். அதே வயது, அதே அலுவலகத்தின் உதவி. ஆனால் கலியாணம் கட்டியிருந்தாள், வயிற்றில் பிள்ளை. அதனால் அவளுக்கு முழு வீட்டுக்கும் வாடகை உண்டு. அவனுக்கு எரிந்தது. அவள் தாயையும் கூட்டிவந்ததால் இன்னும் எரிந்தது.

“ஹீற்றர் இரவில சத்தம் போடும்,” என்றான்.

“என்ர மனுசன்ர குறட்டையை விடவோடா?” என்று சிரித்தபடி குசினிக்குள் போனாள். அங்கிருந்து கூப்பிட்டாள்: “அம்மா, இஞ்ச வந்து பாருங்கோ!”

அந்த அடுப்படியில் அப்படித் தன் அம்மாவைக் கூப்பிட்டுவந்தவன் அவன்.

தாய் வந்தார். கட்டையானவர். சுவரில் தாழ்வாக இருந்த பலகைத் தட்டை, அந்த இறாக்கையை, தொட்டுப் பார்த்தார். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் போத்தல்களை எடுக்க அம்மா எக்கக்கூடாதென்று ஆரணன் பூட்டியது.

“எனக்கெண்டே அடிச்சமாதிரிக் கிடக்கு, தம்பி. இதை விட்டிட்டுத்தானே போறியள்?”

“பாப்பம், அன்ரி.”

வீட்டுக்காரருக்கு அவர்களைப் பிடித்துவிட்டது. ஆரணனும் கையெழுத்து வைத்தான்.

சாவி கொடுக்கும் நாள் காலையில் இறாக்கையைக் கழற்றினான். துளைகளை அடைத்து, தேய்த்து, வெள்ளை பூசினான். இருந்த இடமே தெரியவில்லை.

“இறாக்கை எங்க, தம்பி?”

“நாங்கள் பூட்டினதெல்லாம் கழட்டித்தான் குடுக்கவேணும், அன்ரி. இஞ்சத்தைய சட்டம்.”

வருகிறவர் ஏற்றுக்கொண்டால் விட்டுப்போகலாம் என்பது அவனுக்குத் தெரியும். யசோதராவின் தாய் கேட்டே விட்டார் என்பதும் தெரியும்.

புது அறையில் சுவரில் எதுவும் பூட்டக்கூடாது. இறாக்கை கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் நிற்கிறது. அதிலுள்ள மஞ்சள் கறையை அவன் துடைக்கவில்லை.