பேரை மாற்றிய பெண்

குற்றாலத்தில் சீசனுக்கு நான் தங்கப் போன விடுதியின் மேலாளர் அவர். நெற்றி நிறையத் திருநீறு. நாக்கில் விரலை நனைத்துத்தான் செல்போன் திரையைத் தள்ளுவார். விடுதியின் செயலியை என் போனில் ஏற்றியதும், "போன வருசமும் வந்திருக்கியளே அண்ணாச்சி" என்றார்.

"நம்பரை மாத்திட்டேனே, எப்படித் தெரியும்?"

"போனுக்குன்னு ஒரு அடையாளம் உண்டுல்லா, அத ஆப் விடாது. போன வருசம் புருசனோட வந்த பொண்ணு, இந்தத் தடவ தனியா, வேற பேருல ரூம் போட்டா, ஆப் காட்டிக் குடுத்துட்டு. அடி தாங்காம ஓடியாந்தாளாம். உடனே புருசனுக்குச் சொல்லிட்டேன்."

"அடிக்கிறவன்கிட்டயா?"

"குடும்பம் சேரணும்லா."

"பெறவு அவ என்ன ஆனா?"

"அத நான் கேக்கல" என்று சிரித்தார்.

செயலியை அழித்துவிட்டு, பையோடு தென்காசி பஸ் ஏறினேன். ஒரு நல்ல காரியம் செய்ததாகவே அவர் இன்னமும் நம்பிக்கொண்டிருப்பார்.