வடக்குச் சன்னலும் நான்கு கண்ணாடி ஓடும்

எங்கள் அக்கா பத்மநாபபுரம் கோட்டைக்குள் எங்கள் வீட்டில் பிறந்தார். சென்ற ஆண்டு அதே வீட்டின் வடக்கு அறையில் கண்ணை மூடினார். இடையே மூன்று வருஷம் மட்டும் கொழும்பில் அத்தானோடு இருந்தார். அத்தான் அங்கே ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். தமக்குத் தெரிந்ததையெல்லாம் அக்காவுக்கும் கற்றுக்கொடுத்திருந்தார். காய்ச்சலில் அவர் போனபோது அக்காவுக்கு வயது இருபத்திரண்டு. ஒரு மரப்பெட்டிக் காமிராவும் அதன் கறுப்புத் துணியுமாக வீடு திரும்பினார். அதன்பின் அவர் வாசற்படி தாண்டவில்லை. தாண்ட நாங்கள் விடவில்லை என்பதே சரி.

இரண்டு வருஷம் காமிரா பரணில் கிடந்தது. ஒரு நாள் அக்கா அதை இறக்கித் துடைத்துவிட்டு, படம் எடுக்கப்போவதாகச் சொன்னார். வீட்டுக்குள்ளேயே எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் சம்மதித்தேன். ஆனால் வெளிச்சத்துக்கு எங்கே போவது? எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. மக்னீசியத் தூளைக் கொளுத்தினால் போதிய வெளிச்சம் வரும். விலையோ கையைக் கடித்தது. ஒரே ஒரு தடவை கொளுத்தியதில் அறை முழுக்கப் புகை. வீடு பற்றிக்கொண்டது என்று தாயார் ஒரு குடம் தண்ணீரை என் தலையில் கொட்டினார். பிறகு கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் காஸ் லைட்டை வைத்துப் பார்த்தோம். அந்த வெளிச்சத்துக்கு நெடுநேரம் ஆடாமல் இருக்கவேண்டும். நான் ஆடினேன், படத்தில் எனக்கு இரண்டு மூக்கு.

கடைசியில் அக்காவே வழி கண்டார். வெயில் நேராக விழாத வடக்குச் சன்னலருகே நாற்காலியைப் போட்டார். நிழல் விழும் பக்கம் கொடி கட்டி, தம்முடைய வெள்ளைப் புடவையை விரித்தார். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்துப் பலகையில் ஒட்டி, உட்காருபவர் முகத்தில் வெளிச்சம் திரும்பி விழும்படி தாடைக்குக் கீழே சாய்த்து வைத்தார். காலை பத்து மணிக்கு மேல், நான்கு எண்ணும் நேரம் அசையாமல் இருந்தால் படம் தெளிவாக விழுந்தது. வெளிச்சத்துக்கு ஆன செலவு பசை காய்ச்சிய மாவு மட்டுந்தான். எனக்கு அதில் பரம திருப்தி.

தக்கலையில் ஒரு பெண்ணுக்கு நிச்சயமாகி, மாப்பிள்ளை ரங்கூனிலிருந்து படம் கேட்டு எழுதியிருந்தார். பெண்ணை ஸ்டுடியோவுக்கு அனுப்ப மனமில்லாமல் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். படம் எடுப்பவர் விதவை என்பது பெண்ணின் சித்திக்கு வாசலில் வைத்துத்தான் தெரிந்தது. கல்யாணப் பெண் அந்த முகத்திலா முழிப்பது என்று அங்கேயே நின்றுவிட்டார். எனக்கு வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டேன். அக்கா உள்ளிருந்தபடியே நிதானமாகச் சொன்னார்:

"சித்தி, அவ என் மொகத்துல முழிக்காண்டாம். நான் கறுப்புத் துணிய மூடுன பொறவு கூட்டிட்டு வாங்க."

அப்படியே நடந்தது. பெண்ணுக்குப் பதிலாக எங்கள் தாயாரை நாற்காலியில் இருத்தி எல்லாவற்றையும் சரிபார்த்தபின் அக்கா துணிக்குள் போனார். பெண் வந்து உட்கார்ந்தாள். படம் பதியும் கண்ணாடித் தட்டைக் கையால் தடவிச் செருகி, படம் விழ ரப்பர்ப் பந்தை அமுக்கிய அக்கா, பெண் தெருவில் இறங்கும்வரை தலையை வெளியே காட்டவில்லை. கொடியில் கிடப்பது யார் துணி என்று சித்தி கேட்டார். என் வேட்டி என்று கூசாமல் சொன்னேன்.

படம் அழகாக வந்தது. அதன்பின் இரணியல், குழித்துறை என்று பல ஊர்களிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். அப்படிப் படம் எடுத்த எட்டு வருஷமும் அக்கா துணிக்குள்ளேதான் இருந்தார். வெயில் நாட்களில் வியர்வையில் நனைந்து, மூச்சுத் திணறி வெளியே வருவார்.

இதைக் கேள்விப்பட்டு நாகர்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெண்களைப் படம் எடுக்க ஒரு பெண் வேண்டும், அங்கே துணிக்குள் ஒளிய வேண்டியதில்லை, தினமும் பஸ்ஸில் வந்து போகலாம் என்றார். அவர்கள் போனதும் அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, அங்க வடக்குப் பக்கம் பூரா கண்ணாடியாம். ஒரு நாளு போயிப் பாத்துட்டு வரட்டா?"

அவ்வளவு ஆசையாக அவர் எதையும் கேட்டதில்லை. ஊர் என்ன சொல்லும், என் பெண்களைக் கரையேற்ற வேண்டாமா என்று மளமளவென்று காரணங்களை அடுக்கினேன். மறுவாரம், பெரிய மனசு பண்ணுவதாக நினைத்துக்கொண்டு, நான்கு கண்ணாடி ஓடு வாங்கி அவர் அறைக் கூரையில் போட்டுக்கொடுத்தேன். அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"இனி நாலு எண்ணாண்டாம். ரெண்டு போதும்," என்றார். நாகர்கோவிலைப் பற்றி மறுபடி பேசவே இல்லை.

நெஞ்சுச் சளி முற்றி, ஆறு மாதம் அந்த ஓடுகளுக்குக் கீழேயே படுத்திருந்து மறைந்தார். பதினாறாம் நாள் அந்தத் தக்கலைப் பெண் இரண்டு குழந்தைகளோடு வந்திருந்தாள். படமில்லாமல் ஏற்றியிருந்த விளக்கின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு என்னிடம் கேட்டாள்: "அண்ணாச்சி, அக்காக்க மொகம் எப்படி இருக்கும்?" என் சாடைதான் என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அழுதேன்.

அழைக்கும்போதெல்லாம் ஓடிவந்த வைத்தியருக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிய அயல்வீட்டுப் பெண்களுக்கும், தூரம் பாராமல் வந்து எங்களோடு இருந்த உறவினருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கடைசிவரை அக்காவைத் தாங்கியவன் என்று என் பெயரையும் இந்த நினைவுக் குறிப்பின் நன்றியில் வீட்டார் சேர்த்திருந்தார்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் நானே அடித்துவிட்டேன். அக்கா ஒரு நாளுக்குத்தான் அனுமதி கேட்டார். நான் விட்டிருக்க வேண்டும்.