ஜெயமதி நிறுத்திய மாத்திரை

காலை முதல் பாடவேளை முடிந்து மணி அடித்தபோதுதான் தலைமையாசிரியர் அறைக்குத் தொலைபேசி வந்தது. அக்கா ஜெயமதி போய்விட்டாள். விலங்கியல் ஆசிரியை அனுபமா கையிலிருந்த சாக்பீஸ் தூளைக்கூடத் தட்டாமல் வேங்கிக்காலில் இருந்த அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

ஜெயமதி செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் அறைகளைக் கவனித்து வந்தவள். விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்தால் விரல் மூட்டெல்லாம் வீங்கிவிடும். ஆறு வருடமாக அதற்கு ஸ்டீராய்டு மாத்திரை. சாப்பிட்டுவிட்டுப் போடச் சொன்ன டாக்டர், சட்டென்று நிறுத்தக் கூடாது என்று சொல்லவில்லை. ஆவணியில் சமணர்களின் பத்து நாள் தசலட்சண நோன்பு வந்தது. வெறும் வயிற்றில் போடக் கூடாத மாத்திரைதானே என்று சோற்றோடு அதையும் நிறுத்தினாள். நடுவில் காய்ச்சல் கண்டது. நோன்புச் சோர்வு என்று வீடே நம்பியது.

காய்ச்சல் வந்தால் நோயெதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் என்னும் பொருள்களை ரத்தத்தில் விடும். அந்தச் சேதி மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிக்குப் போகும். பிட்யூட்டரி ஒரு ஹார்மோனைச் சுரந்து சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியை எழுப்பும். அட்ரினல் கார்டிசாலைச் சுரந்து ரத்த அழுத்தம் விழாமல் காக்கும். அக்கா உடம்பில் இத்தனை வருடம் கார்டிசாலின் வேலையை மாத்திரையே பார்த்ததால் பிட்யூட்டரி ஓய்ந்து கிடந்தது. சேதி போயிருக்கும், எழுந்திருக்க அங்கே ஆளில்லை. வருடாவருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிற பாடம். அனுபமாவுக்குப் பற்றி எரிந்தது.

கூடத்தில் அக்கா கணவரின் அண்ணன் குணபாலன் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நோம்பு மேலயே போய்ட்டா. இந்த மாதிரி சாவு யாருக்குக் கெடைக்கும்? புண்ணியவதி!"

"புண்ணியமா? மாத்திரய நிறுத்திதான் செத்தா, மாமா. நோயாளிக்கு நோம்புல வெலக்கு இருக்குன்னு ஒருத்தர்கூட சொல்லலியே, ஏன்?"

"டீச்சரம்மாவுக்கு வாய் ஜாஸ்தி. இங்கயும் பாடம் நடத்துறா பாரு!"

பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் மூச்சு வாங்க அனுபமாவின் கையைப் பிடித்தாள். "வீசிங்குக்கு நானும் வருசக்கணக்கா அதான் போடறேன்ம்மா. நோம்புக்குன்னு நிறுத்திட்டேன். நேத்துலேர்ந்து தல சுத்துது."

"எழுந்திருங்க, போலாம்."

"நோம்பு முறிஞ்சிடுமேம்மா."

"நீங்க முறியாம இருங்க. அது போதும். ஆட்டோவ கூப்புடுங்க யாராவது!"

"கூடப் பொறந்தவள குளிப்பாட்டக்கூட நிக்காம எங்க கெளம்பிட்டே?" என்று குணபாலன் கத்தினார்.

"இன்னொரு புண்ணியவதி வேணாம்னு போறேன், மாமா."

ஆஸ்பத்திரியில் ஜோதியம்மாளுக்கு ஊசி போட்டார்கள். ரத்த அழுத்தம் ஏறும்வரை அனுபமா கட்டிலை விட்டு நகரவில்லை. திரும்பி வந்தபோது அக்காவை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். கடைசியாக முகம் பார்க்கக்கூட யாரும் காத்திருக்கவில்லை. வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். அடுப்படி முறத்தில், நோன்பு முடித்துச் சமைக்க ஜெயமதி எடுத்து வைத்த பச்சைப்பயறு பாதிதான் கல் பொறுக்கியிருந்தது.