வேன் மேல் ஏறிய மதியச் சாப்பாடு

வேன்காரி என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. வாரநாட்களில் பள்ளிப் பிள்ளைகள், விடுமுறையில் கூப்பிட்டவர்கள் என்று ஒரே மஞ்சள் வேனை வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்காகக் கவலைப்பட்டவர்களும் ஒருவழியாக ஓய்ந்துவிட்டார்கள். அவளுக்குத் துணை மேனேஜர்தான். யாரோ ஒரு பிள்ளை பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, கடைசி சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டு இறங்கிப்போன நாய்க்குட்டி அது. எந்த வீட்டிலும் சேர்க்கவில்லை. இவளே வைத்துக்கொண்டாள். வளர்ந்ததும் வாசலில் கால் நீட்டிப் படுத்து, போவோர் வருவோரையெல்லாம் எடை போட்டது. பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

மேனேஜர் சமைத்த கறியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பச்சைக் கறி வேண்டும். நாய் டாக்டர் அரை மனதோடுதான் சம்மதித்தார்.

"குடுக்கறதா இருந்தா ஒழுங்கா குடுங்கம்மா. முந்தின நாளே ஃப்ரீசர்ல இருந்து எடுத்து, மூடி போட்ட டப்பால ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வைங்க. வெளியில வெச்சு இளக விட்டா கிருமி கும்மாளம் போடும்."

வேன்காரி அதை இம்மி பிசகாமல் செய்துவந்தாள், அத்தான் வந்து சேரும்வரை. அக்கா ஏதோ பயிற்சிக்காக வெளியூர் போனபோது, வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத தன் கணவரைத் தங்கை வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தாள். அத்தான் வாயைத் திறந்தால் மூடமாட்டார். அவர் அடித்த அரட்டையில் சனிக்கிழமை கறியைக் கீழே இறக்கி வைக்க மறந்தே போயிற்று. மறுநாள் காலை பாக்கெட்டைத் தொட்டால், கல்.

வேன்காரி பதறவில்லை. ஓட்டை இல்லாத பாக்கெட்டா என்று பார்த்து, வாளித் தண்ணீரில் முக்கினாள்.

"அத்தான், எனக்கு பேண்டு வாத்தியக்காரங்க சவாரி இருக்கு. அரை மணிக்கொரு தடவை தண்ணிய மாத்துங்க. பச்சைத் தண்ணிதான். வேற எதுவும் பண்ணாதீங்க, புண்ணியமாப் போகும்."

"எங்கிட்ட விட்டாச்சுல்ல, நிம்மதியா போ" என்றார் அத்தான்.

அவள் உடை மாற்றும் நேரத்துக்குள் அத்தானின் மூளை வேலை செய்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, வேன் கூரை தோசைக்கல்லாகக் காய்கிறது, இதை விட்டுவிட்டுத் தண்ணீரா? பாக்கெட்டை ஒரு தட்டில் வைத்துக் கூரைமேல் ஏற்றிவிட்டு, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சியபடி குளிக்கப் போனார். வேன்காரி வேனை எடுத்துக்கொண்டு போனாள்.

தன் சாப்பாடு தெருவில் போவதை மேனேஜர் பார்த்தது. ஒரே பாய்ச்சல்!

முனையில் வாத்தியக்காரர்கள் ஏறியபோது ஒரு நாய்தான். அடுத்த திருப்பத்தில் நான்கு. கடைத்தெருவில் எண்ண முடியவில்லை. உள்ளே டிரம்பெட்காரர் ஒத்திகையாக ஊத, வெளியே நாய்கள் ஒத்து ஊதின. எல்லாவற்றுக்கும் பின்னால், தலையில் சோப்பு நுரையும் கையில் செருப்புமாக அத்தான்.

"நிறுத்து! நிறுத்தும்மா!"

"நம்ம வாசிப்புக்கு இவ்வளவு கூட்டமா?" என்று டிரம்பெட்காரர் உருகிப்போனார்.

வேன்காரி கண்ணாடியில் அத்தானைப் பார்த்தாள். பிரேக்கை ஏறி மிதித்தாள். தட்டு 'டங்'கென்று சாலையில் விழுந்தது. பாக்கெட் முன்கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு வந்து அவள் மூக்குக்கு நேராக நின்றது. ஒரு கணம் திகைத்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், ஸ்டீயரிங்கில் தலை சாய்த்து, ஹாரன் அடிக்க அடிக்கச் சிரித்தாள். வாத்தியக்காரர்களுக்கும் தொற்றிக்கொண்டது. பெரிய டிரம்காரருக்கு விக்கலே வந்துவிட்டது.

அத்தான் மூச்சிரைக்க வந்து பாக்கெட்டை அழுத்திப் பார்த்தார். "பாரேன், எப்படி இளகியிருக்கு! போட்டுடலாமா?"

"உள்ள இன்னும் கல்லு, மேலெல்லாம் கொதகொதன்னு சூடேறிக் கிடக்கு. இதைத் தின்னுட்டு அவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டா, ராத்திரி பூரா நீங்கதான் தூக்கிட்டு நடக்கணும்."

அதைக் குப்பைக்கு அனுப்பினாள். வாத்தியக்காரர்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மேனேஜரையும் அத்தானையும் வேனில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினாள். இன்னொரு பாக்கெட்டை வாளியில் முக்கி, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அத்தானை உட்காரவைத்தாள். மனிதர் அசையவில்லை. நேரம் தவறாமல் தண்ணீர் மாற்றினார். ஐஸ் முழுவதும் விட்டபின் அவரே கிண்ணத்தில் போட்டு நீட்டினார். மேனேஜர் கண்ணை மூடித் திறப்பதற்குள் வழித்து நக்கிவிட்டது. கிண்ணம், சமையல் மேடை, முழங்கை வரை தன் கை என்று எல்லாவற்றையும் சோப்பு போட்டுத் தேய்த்தார் அத்தான்.

சாயந்திரம் அக்கா போனில் கூப்பிட்டாள். "ஏங்க, அங்க ஏதாவது வேலை செய்றீங்களா?"

"வேலையா? உறைஞ்ச கறிய எப்படிப் பக்குவமா இளக வைக்கிறதுன்னு இந்த வீட்டுக்கே நான்தான் சொல்லிக் குடுத்துட்டிருக்கேன்."

அடுப்படியில் வேன்காரிக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரை ஏறியது.