நாலாவது வளைவிலிருந்து வந்த பதில்

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருத்தணியிலிருந்து ஆந்திர எல்லைப் பக்கம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, இரண்டு குன்றுகளுக்கும் ஓர் ஏரிக்கும் நடுவே, கார் ஓட்டுவதற்கென்றே தனியார் ஒருவர் போட்ட வளைவுப் பாதை இருக்கிறது. நாங்கள் டிராக் என்போம். சில ஞாயிறுகளில் சென்னையிலிருந்து ஆட்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து, ஊர்ச் சாலையில் ஓட்ட முடியாத வேகத்தில் இங்கே ஓட்டிப் பார்ப்பார்கள். பந்தயம் கிடையாது, பரிசும் கிடையாது. பேட்ச் பேட்சாக விடுவார்கள். ஒரு பேட்ச் முழுக்க வெளியே வந்த பிறகுதான் அடுத்தது உள்ளே போகும்.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். டிப்ளமா முடித்துவிட்டு கம்பெனி வேலைக்கு அலைந்துகொண்டிருந்த நேரத்தில் இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை கிடைத்தது. ஒவ்வொரு வளைவிலும் கொடி, விசில், வாக்கி டாக்கியோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். மார்ஷல் என்று பெயர். நான் நாலாவது வளைவு. எனக்கு முந்திய மூன்றாவது வளைவில் என் அக்கா வீட்டுக்காரர், பாவா. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவர். ஞாயிறு தறி ஓடாதே என்று நான்தான் பாவாவையும் சேர்த்துவிட்டிருந்தேன்.

அன்று முதல் பேட்ச் நன்றாகத்தான் போனது. கடைசிச் சுற்றில், ஏரியிலிருந்து பனி எழும்பி வந்தது. வந்தது என்பதைவிட, நகர்ந்தது என்று சொல்ல வேண்டும். கரையைத் தாண்டி, கருவேல மரங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு, என் வளைவின் மேல் உட்கார்ந்தது. மேட்டில் இருக்கும் கண்ட்ரோல் அறைப் பக்கம் அப்போது பளீரென்று வெயிலாம். பிறகுதான் தெரிந்தது.

அந்த வெள்ளைக்குள் டயர் தேயும் சத்தம் நீளமாகக் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. என்ஜின் சத்தம்கூட இல்லை. உற்றுப் பார்த்தால், பாதைக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. நிழல்மாதிரிதான் தெரிந்தது.

வாக்கி டாக்கியை அமுக்கினேன். கீச் என்று ஒரு சத்தம் வந்து அணைந்துவிட்டது. விட்டால் உயிர் வருகிறது; அமுக்கினால் போகிறது. பேட்டரி தீர்ந்துபோனால் அப்படித்தான். மற்றவர்கள் பேசுவது கேட்கும், நாம் பேச முடியாது.

அந்த நேரம் பார்த்து, கண்ட்ரோலில் இருக்கும் மேடம் வளைவு வளைவாகக் கேட்க ஆரம்பித்தார். எல்லா வளைவும் 'கிளியர்' சொன்னால்தான் அடுத்த பேட்சை விடுவார். ஒன்று கிளியர். ரெண்டு கிளியர். மூணு கிளியர்.

"நாலு?"

அமுக்கினேன். கீச்.

"நாலு, தம்பி, இருக்கியா?"

மறுபடி அமுக்கினேன். விட்டேன். அப்போது என் கையிலிருந்த அந்தக் கருவியிலிருந்தே பதில் வந்தது.

"ஆங், நாலு கிளியர்."

என் முதுகில் யாரோ ஈரக் கையை வைத்ததுபோல் இருந்தது. அந்தக் கரகரப்பில் எல்லோர் குரலும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆனாலும் ஒரு நொடி, நான்தான் சொன்னேனோ, என் வாய்தான் எனக்குத் தெரியாமல் அசைந்ததோ என்று உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். அதற்குள் ஐந்து, ஆறு எல்லாம் கிளியர் ஆகி, "பேட்ச் ரெண்டு போகலாம்" என்றார் மேடம். தூரத்தில் என்ஜின்கள் உறுமின. பனியில் சத்தம் திசை மாறும்போல. ஏரிக்குள்ளிருந்து கார்கள் கிளம்பி வருகிற மாதிரி கேட்டது.

நின்றிருந்த காரைப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே ஆளில்லை.

கொஞ்சம் தள்ளி, பாதையின் நட்டநடுவில் ஒரு வெள்ளை ஹெல்மெட் மட்டும் மிதந்துகொண்டு போனது. அதன் கீழே உடம்பு இருப்பது பிறகுதான் தெரிந்தது. கார்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருமோ அந்தப் பக்கமாக, அவசரமே இல்லாமல், கோயிலைச் சுற்றி வருகிறவரைப்போல அவர் நடந்துகொண்டிருந்தார்.

பழைய டயர்களை அடுக்கிய சுவரைத் தாண்டி மார்ஷல் பாதைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது முதல் நாளே சொல்லித்தரும் விதி. சுவருக்கு வெளியே புல்லில் ஓடினேன். ஒரு கையில் சிவப்புக் கொடி, வாயில் விசில். "சார், இந்தப் பக்கம் வாங்க சார்!" என்று கத்தினேன். அவர் நின்றார். திரும்பினார். என்னைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது, கறுப்புக் கண்ணாடிதான் என் பக்கம் திரும்பியது. பிறகு யாரோ கூப்பிட்டதுபோல முன்பக்கம் தலையாட்டிவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

என்ஜின் சத்தம் நெருங்கியது. எனக்கு விசில் ஊதுவதைத் தவிர வேறு தெரியவில்லை. மூச்சு முட்ட ஊதினேன்.

அப்போதுதான் வாக்கி டாக்கி அலறியது. "நிறுத்துங்க மேடம்! நாலு கிளியர் இல்ல! நான் மூணு பேசறேன், நான்தான் தெரியாம சொல்லிட்டேன்! நிறுத்துங்க!"

பாவாவின் குரல். என் விசில் மூன்றாவது வளைவு வரை போயிருக்கிறது. பேசிக்கொண்டே அவர் சிவப்புக் கொடியையும் காட்டியிருக்கிறார். முதல் கார் அதைப் பார்த்துப் பிரேக்கை மிதித்தாலும் நிற்க இடம் வேண்டுமே. பனிக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் மஞ்சளாக வளர்ந்து வந்தன. வளர்ந்து, ஹெல்மெட்டின் மேல் விழுந்து, நின்றன. நடந்தவர் மெதுவாகக் கையை நீட்டி அந்தக் காரின் பானெட்டில் ஊன்றிக்கொண்டார். அவ்வளவு பக்கம்.

நான் சுவரைத் தாண்டிப் போய் அவரைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "எனக்கு முன்னாடி கொடியோட நடந்து போனீங்களே, ஏன் நிக்காம போனீங்க? உங்க பின்னாடிதானே வந்தேன்."

நான் அவருக்குப் பின்னால் இருந்தேன். முன்னால் யாரும் இல்லை. கார் சுழன்றதில் தலை அதிர்ந்திருக்கும், அப்போது இப்படியெல்லாம் தோன்றும் என்று ஆம்புலன்சில் வந்தவர் சொன்னார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

அன்று அதற்கு மேல் எந்தக் காரும் ஓடவில்லை. மேடம் எல்லோரையும் வெயிலில் நிற்கவைத்துப் பேசினார். காரோட்ட வந்தவர்களில் ஒருவர் பாவாவைப் பார்த்து, "காலேஜ்ல பிராக்ஸி குடுத்த பழக்கமா அண்ணே?" என்றார். சிலர் சிரித்தார்கள்.

"நான் மூணாவதோட நின்னுட்டேன் சார், எனக்கு ஏது காலேஜ்" என்றார் பாவா. பிறகு மேடத்தைப் பார்த்துச் சொன்னார்: "எங்க தறிக் கொட்டாயில அப்படித்தாங்க. அந்தச் சத்தத்துல ஒருத்தனைக் கூப்ட்டா அவனுக்குக் கேக்காது. பக்கத்துத் தறிக்காரன் பதில் சொல்லிடுவான். காலைலயே இவன் லேட்டா பேசினான்னு நீங்க திட்டினீங்க. மறுக்கா திட்டு வாங்கப் போறானேன்னு... என் பக்கம் பனி இல்லீங்க. இவன் பக்கமும் இருக்காதுன்னு நெனச்சிகினு சொல்லிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. பழியை மேடம் பாவாவோடு நிறுத்தவில்லை. பஞ்சராகி முன்பே வெளியே போன வேறொரு வெள்ளைக் காரை இதுவென்று நினைத்துக் கண்ட்ரோலில் கணக்கு முடித்திருந்தார்கள். பேட்டரியைச் சோதிக்காமல் என் கையில் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் அவரே எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து அங்கே முறை மாறியது. 'கிளியர்' என்று சும்மா சொன்னால் போதாது. அவரவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். ஒரு வளைவிலிருந்து பதில் வரவில்லை என்றால் அதுவே சிவப்புக் கொடி.

திரும்பும் வழியில் கே.ஜி.கண்டிகையில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். பாவா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார்.

"மச்சான், நான் உன் கொரல்ல பேசலடா. என் கொரல்லதான் பேசினேன். அத்தினி பேர் கேட்டுகினு இருந்தாங்க. ஒருத்தருக்குக்கூட அது நீ இல்லன்னு தெரியலையே?"

டீ ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. அதோடு குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

இரண்டு மாதம் கழித்து, மூச்சு வாங்குகிறது என்று நைனாவை, அதாவது எங்கள் அப்பாவை, திருத்தணியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். படித்தவன் என்பதால் பேங்கிலும் தாலுகா ஆபீசிலும் அவருக்காகப் பேசுவது எப்போதும் நான்தான். நெஞ்சு வலி ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். 'அதெல்லாம் இல்லீங்க டாக்டர்' என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். நைனா சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. அந்த அறையில் அத்தனை நேரம் யாருமே பேசாமல் இருந்தது எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

"ஆங்... படுத்தா அமுக்குதுங்க. கொஞ்ச நாளாவே இருக்குது" என்றார் நைனா.

வீட்டில் யாரிடமும் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. உடனே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இப்போது மாத்திரையோடு நன்றாக இருக்கிறார்.

இன்றைக்கும் யாரையாவது கேட்டு உடனே பதில் வராவிட்டால், அந்த மௌனத்துக்குள் ஒருவர் தனியாக நடந்துகொண்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது; அவர் திரும்பி வந்து தன் குரலில் பேசும்வரை அவருக்காக நான் 'கிளியர்' சொல்வதில்லை.