சிக்கந்தர் சார் முடிய விடாத பாட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார் சிக்கந்தர் சார். முந்தின நாள் சாயங்காலமே வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டது: "மூணும் ரெடி மேடம். நாளைக்கு ஒரு முடிவு கட்டிரலாம்." காலையில் அவனியாபுரத்தில் என் வீட்டில் கிளம்பிக்கொண்டிருந்தபோது எங்கள் பாலிடெக்னிக் ஆய்வக உதவியாளர் முருகன் போன் செய்தார். "மேடம், நம்ம சிக்கந்தர் சார் தவறிட்டாராம். விடியக்காலம் நெஞ்சு வலின்னுருக்காரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." அந்நேரம் பார்த்து வீட்டுக்கு மேலே ஒரு விமானம் தாழ்ந்து போனது. மிச்சம் காதில் விழவில்லை.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஒரு மனுஷன் இப்படியா செய்வது? ஷேர் ஆட்டோ மாறி மாறி கோரிப்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன். சந்துக்குள் செருப்புகள் குவிந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் சண்டையை நிறுத்தினேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், சும்மா இருக்க முடியவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் துறையில் எனக்குப் பக்கத்து மேஜை. நாங்கள் இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவருக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. ஆசிரியர் அறை மின்விசிறி லேசாக முனகினால் போதும், நாற்காலி போட்டு ஏறிவிடுவார். "சத்தம் எங்கேருந்து வருதுன்னு தெரியாம எப்பிடி மேடம் உக்கார முடியும்?" என்பார். உட்காராதீர்கள், எங்களையாவது உட்கார விடுங்கள் என்று நான் கத்தியிருக்கிறேன்.

ஒருமுறை துறையிலிருந்து எல்லோரும் வேன் பிடித்து அழகர்கோவில் போனோம். வண்டியில் ஓடிய பாட்டுக்குப் பின்னால் என்ஜினோடு சேர்ந்து ஒரு கீச்சுச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. வேறு யாருக்கும் அது உறைக்கவில்லை. நாங்கள் சாமி கும்பிட்டு, கோவில் தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டு திரும்பி வந்தால், டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. "எர்த் வயரு துருப்பிடிச்சுக் கெடக்கு மேடம், இந்தா வாரேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. டிரைவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். திரும்பி வரும்போது கீச்சு இல்லை. ஆனால் பாட்டும் இல்லை, ரேடியோவே செத்துப்போயிருந்தது. அந்த வேனில் வந்த யாரும் அதை மறந்திருக்க மாட்டீர்கள்.

எங்கள் இருவருக்கும் வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் செய்யும் கிறுக்கு உண்டு. பாட்டுப் பெட்டிக்குள் போகும் கரண்டைச் சமப்படுத்திக் கொடுப்பதற்கு ரெகுலேட்டர் என்று ஒன்று வேண்டும். அது சரியில்லை என்றால் பாட்டுக்கு அடியில் 'உஸ்' என்று ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். எது ரொம்ப அமைதியான ரெகுலேட்டர் என்பதுதான் எங்கள் ஓயாத வழக்கு. மூன்று பேர் போட்டியில் இருந்தார்கள். எந்தக் கடையிலும் கிடைக்கும் மூன்று கால் பழைய ரெகுலேட்டருக்குக் கிழவன் என்று பெயர். ஆன்லைனில் வரவழைத்த அரிசி அளவு சிப் பொடியன். டிரான்சிஸ்டர்களை வைத்து அவரே கட்டியது சொந்தக்காரன். நான் பொடியன் கட்சி. மீட்டரில் அதற்குத்தான் இரைச்சல் குறைவு. "மீட்டருக்கா மேடம் பாட்டுப் போடப்போறோம்?" என்று அவர் சொந்தக்காரனைத் தூக்கிக்கொண்டு வருவார்.

எங்கள் சோதனை வெளியாட்களுக்கு வேடிக்கையாக இருக்கும். பாட்டே போடாமல் வால்யூமை முழுக்கத் திருப்பி, ஆளுக்கொரு ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு குனிந்து நிற்போம். அவர் மனைவி ஹபீபா அக்கா கதவருகில் நின்று தலையில் அடித்துக்கொள்வார். "யா அல்லா, ஒண்ணுமில்லாததக் கேக்குறதுக்கு ரெண்டு வாத்தியாரா!" இரைச்சலைக் கேட்ட பிறகு ஒரு பாட்டு ஓடும். எப்போதும் அதே பழைய சினிமாப் பாட்டுதான். முதல் சரணம் முடிவதற்குள் அவர் கை சுவிட்சுக்குப் போய்விடும். "இன்னும் கொஞ்சம் இருக்கு மேடம்" என்று அணைப்பார், அடுத்ததை மாட்டுவார், பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்தப் பெட்டிக்கு மூடி போட்டதே கிடையாது. மூடி மொட்டை மாடியில் வத்தல் காயப்போடும் தட்டாக இருந்தது.

ஒரு மழைக்காலம் முழுக்க 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. நான் சொந்தக்காரனைத் திட்டினேன், அவர் பொடியனைத் திட்டினார். கிழவனை இருவரும் சேர்ந்து திட்டினோம். ஒருநாள் அக்கா டீத்தட்டோடு வந்தார். மேஜையில் இடமில்லை. டிரான்ஸ்ஃபார்மரை முழங்கையால் அந்தப் பக்கம் தள்ளிவிட்டுத் தட்டை வைத்தார். முனகல் நின்றுவிட்டது! டிரான்ஸ்ஃபார்மர் பாட்டு வயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களைக் கேனையாக்கியிருக்கிறது. சார் டீயை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இத மாணவர்கள்ட்ட சொல்லிராதீங்க மேடம்" என்றார். பிறகு சிரித்தார் பாருங்கள், புரையேறி அக்கா முதுகில் தட்டவேண்டியதாயிற்று.

கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். அறை அப்படியே இருந்தது. மேஜையில் திறந்த பெட்டி, பக்கத்தில் வரிசையாக மூன்று ரெகுலேட்டர்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. அக்கா எனக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விஜயா, எனக்கு ஒண்ணு செஞ்சு குடு. அந்தப் பாட்ட முழுசா போட்டுக் குடு."

"எந்தப் பாட்டுக்கா?"

"வேறெந்தப் பாட்டு? கல்யாணமான புதுசுல எனக்குப் பிடிக்கும்னு சொன்னேன். அதுக்காகத்தான் இந்தப் பெட்டிய ஆரம்பிச்சாரு. சுத்தமாக் கேக்க வைக்கிறேன், இரு, இருன்னாரு. ரெண்டாவது சரணத்த இந்த வீட்டுல நான் கேட்டதே இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது சோதனைக்காக எடுத்த ஏதோ ஒரு பாட்டு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். போனில் கேட்டுக்கொள்ளலாமே அக்கா என்று உளறினேன். "போன்ல கேக்க இம்புட்டு வருஷம் காத்திருந்தேனா?" என்றார். நான் பெட்டியை என் பக்கம் இழுத்தேன்.

எதை மாட்டுவது? பொடியனை வைத்தால் பெட்டி பரம அமைதியாக இருக்கும், எனக்குச் சந்தேகமே இல்லை. கை அதைத்தான் எடுத்தது. எடுத்ததை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன், ஜன்னல்வரை போனேன், வந்தேன், மறுபடி எடுத்தேன். "என்னம்மா, நீயும் அவரு மாதிரியே அலையுற" என்றார் அக்கா. அது சுருக்கென்று தைத்தது. அவர் கையால் கட்டிய சொந்தக்காரனையே எடுத்துப் பற்றவைத்தேன். பிடுங்கவே முடியாதபடி ஈயத்தைத் தாராளமாக விட்டேன். மாடிக்குப் போய் மூடியைக் கொண்டுவந்து, துடைத்து, நான்கு மூலையிலும் திருகாணியை முறுக்கினேன்.

பாட்டு தொடங்கியது. பல்லவி. முதல் சரணம். நடுவில் வாத்தியங்கள் ஓய்ந்த இடத்தில் கேட்டது, மெல்லிய 'உஸ்'. சத்தியமாகக் கேட்டது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது! என் கை தானாக சுவிட்சுக்குப் போனது. அக்கா அதைப் பாதி வழியில் பிடித்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். அவருக்கு அம்புட்டு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டாவது சரணம் வந்தது, போனது, பல்லவி திரும்பி வந்தது, பாட்டு முடிந்தது.

"முடிஞ்சிருச்சா?" என்றார் அக்கா. "இம்புட்டுத்தானா?"

பிறகு அழுதார். நானும் அழுதேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வராத அழுகை எல்லாம் அப்போதுதான் வந்தது. ஸ்பீக்கர் மட்டும் 'உஸ்' என்று இருந்தது. அதை அணைக்க எங்கள் இருவருக்குமே மனமில்லை.

சிக்கந்தர் சாரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அவருடைய சிவப்புப் பிடி ஸ்க்ரூடிரைவர். அக்கா கொடுத்தார். அதற்கு முன்னாலேயே, நான் கேட்காமலே, அவரது நிலைகொள்ளாத கையும் எனக்கு வந்துவிட்டிருக்கிறது. இப்போது என் வீட்டில் பாட்டு ஓடும்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்கிறேன். இரைச்சல் கேட்கத்தான் செய்கிறது. கடைசிச் சரணமும் முடிந்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுகிறேன்.